ஒருநாள் விட்டு ஒருநாள்

கோடிப் புடவையை உதறித் தங்கையின் மேல் போர்த்திய கையோடு அப்பாதுரை அதன் ஓரங்களை இழுத்து இழுத்துச் சரிசெய்தான். சரிசெய்ய அங்கே ஒன்றும் இல்லை. புடவைக்கு அடியில் ஓர் ஆள் இருக்கிற அடையாளமே தெரியவில்லை. வெறும் பெஞ்சின் மேல் துணியை விரித்துப் போட்ட மாதிரி இருந்தது. அது மெஸ்ஸில் ஆட்கள் உட்கார்ந்து சாப்பிடுகிற பெஞ்சு. இரண்டைச் சேர்த்துப் போட்டு ஆதிலட்சுமியைக் கிடத்தியிருந்தார்கள். ஏழு மாதமாக அவளைக் கடைப்பக்கம் தலைகாட்ட விடாதவர்கள், செத்த பிறகு கடைக்கு நடுவில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அதை நினைத்தபோது அவனுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

"டைபாய்டு இப்படியும் ஆள உருக்கிடுமா?" என்று தலைமாட்டில் இருந்த பெண்களில் ஒருத்தி கேட்டாள்.

"வெசக் காச்சலாச்சே. உள்ளயே இருந்து தின்னுடும்" என்றாள் இன்னொருத்தி.

அப்பாதுரை பல்லைக் கடித்துக்கொண்டான். ஆதிலட்சுமிக்கு வந்தது டைபாய்டு இல்லை, டி.பி. அது அவளுக்குத் தெரியும், அவள் புருஷன் சகாதேவனுக்குத் தெரியும், அப்பாதுரைக்கும் அவன் மனைவி தனத்துக்கும் தெரியும். ஐந்தாவது ஆளுக்குத் தெரியாது. வடக்கு மாட வீதியில் சோற்றுக்கடை வைத்திருப்பவன் வீட்டில் டி.பி. என்றால் அப்புறம் யார் வந்து இலை போட்டு உட்காருவார்கள்? அதனால் சித்திரையில் சாதாரணக் காய்ச்சல், ஆடியில் மஞ்சள்காமாலை, ஐப்பசியில் டைபாய்டு என்று நோய்க்கு மாற்றி மாற்றிப் பெயர் வைத்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை இங்கே சோற்றுக்கடையிலேயே செய்து காட்டினார்கள்.

மறைத்த இடம் சமையல்கட்டுக்குப் பின்னால் இருந்த ஸ்டோர் ரூம். அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் போக ஒரு பாய் விரிக்கலாம். ஜன்னல் கிடையாது. கடையில் ஆள் இருக்கிற நேரத்தில் இருமல் சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று சகாதேவன் கதவைச் சாத்தி, அதன் மேல் ஒரு கோணியையும் தொங்கவிட்டிருந்தான். "காத்தோட்டமா வைக்கணும்னு ஆஸ்பத்திரில சொல்றாங்க மாப்ளே" என்று அப்பாதுரை ஒருமுறை சொன்னபோது, "தீபம் முடியட்டும் மச்சான், மேல ஒரு ரூம் போட்டுடறேன்" என்றான். அவனுக்கு எல்லாமே தீபம் முடியட்டும்தான். கார்த்திகைக்கு வருகிற கூட்டத்தை நம்பித்தான் அவன் வருஷம் ஓடுகிறது. இன்றைக்குக் கொடியேறி ஆறாம் நாள். ஆதிலட்சுமி காத்திருக்கவில்லை. காலை ஆறு மணிக்குப் போய்விட்டாள்.

நான்கு கடை தள்ளிப் பாத்திரக்கடை வைத்திருக்கும் சக்கரவர்த்தி உள்ளே வந்து, துண்டை வாயில் பொத்தி ஒரு நிமிஷம் நின்றார். பிறகு அப்பாதுரையின் காதருகே குனிந்தார்.

"துரை, பத்து மணிக்குள்ள எடுத்துடணும்பா. பத்தரைக்கு அறுபத்துமூவர் பொறப்பாடு. வீதியில பொணம் கெடந்தா சாமி எப்படி தாண்டிப் போவும்?"

"அவ கண்ண மூடி இன்னும் மூணு மணி நேரம்கூட ஆவலைங்க."

"அதுக்கு இன்னா பண்றது? மேளமும் வேணாம். கமுக்கமா எடுத்துக்கினு போயிடுங்க."

கமுக்கமாக. இந்த ஏழு மாதமும் அந்த வீட்டில் எது கமுக்கமாக நடக்கவில்லை, சாவு மட்டும் சத்தமாக நடப்பதற்கு? அப்பாதுரை தலையாட்டினான்.

அவனுக்கு அன்றைக்கு எல்லார் மேலும் கோபம். சகாதேவன் மேல், சக்கரவர்த்தி மேல், வாசலில் அடுத்த கடை ஆள் பலகையில் எழுதிக்கொண்டிருந்த 'இன்றைய ஸ்பெஷல்' மேல். எல்லாவற்றையும் விட மருந்து மேல். வைகாசியிலிருந்து மாதம் தவறாமல் கீழ்பென்னாத்தூரில் பஸ் ஏறி வந்து, பெரியாஸ்பத்திரியில் பொட்டலம் வாங்கி, மஞ்சள் பையின் அடியில் வைத்து, மேலே மல்லாட்டைக் கடலையைக் கொட்டி மறைத்துக் கொண்டுவந்து கொடுத்தவன் அவன். தினம் ஒரு சிவப்பு கேப்ஸ்யூல், கூடவே வெள்ளை மாத்திரைகள். "புதுசா வந்த மருந்துங்க. ஒருநாள்கூட தவறக் கூடாது. ஆறே மாசம், எழுந்து நடப்பாங்க" என்றார் ஆஸ்பத்திரியின் ஹெல்த் விசிட்டர் மூர்த்தி. ஆறு மாதம் ஆகிவிட்டது. நாலு பேர் தூக்கிக்கொண்டு நடக்கப் போகிறார்கள். இவனுங்க மருந்தும் பொய், பேச்சும் பொய் என்று அவன் உள்ளுக்குள் திட்டினான்.

பொய்யைப் பற்றிப் பேச அவனுக்கு அவ்வளவு யோக்கியதை இல்லை என்பது வேறு விஷயம்.

வைகாசியில் முக்காடு போட்டு ஆதிலட்சுமியை அழைத்துப் போனபோது, பதிவு மேஜையில் பெயர் கேட்டார்கள். அவள் வாயைத் திறப்பதற்குள் அப்பாதுரை முந்திக்கொண்டான். "தனம். வீட்டுக்காரர் பேரு அப்பாதுரை. கீழ்பென்னாத்தூர்." மாட வீதி விலாசத்தைக் கொடுத்தால், பார்க்க வருகிற ஆள் மெஸ் வாசலில் சைக்கிளை நிறுத்தி, இங்கே டி.பி. நோயாளி யார் என்று கேட்டுவிட்டால்? அப்பாதுரையின் வீடு ஊருக்கு வெளியே கொல்லைமேட்டில் தனியாக இருந்தது. யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று கேட்க நாதியில்லை. சகாதேவன் அன்றைக்கு அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "மானத்தக் காப்பாத்திட்ட மச்சான்" என்றான். அப்பாதுரைக்கும் தான் ஏதோ பெரிய சாமர்த்தியம் செய்துவிட்டதாகத்தான் இருந்தது.

ஆடியில் மூர்த்தி சைக்கிளில் வந்துவிட்டார். தூரத்திலேயே பார்த்துவிட்டதால் பிழைத்தார்கள். தனம் களத்தில் உட்கார்ந்து விதைக்கு மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். கல்லைத் தின்றாலும் செரிக்கிற உடம்பு அவளுக்கு. அவளை உள்ளே தள்ளி, படுக்க வைத்து, கழுத்துவரை கம்பளியைப் போர்த்தினான். வைகாசியில் முக்காட்டுக்குள் இருந்த முகத்தை மூர்த்தி சரியாகப் பார்த்திருக்கவில்லை.

"இருமு. ஒண்ணுக்கு எப்படிப் போவுதுன்னு கேப்பாரு. செவப்பா போவுதுன்னு சொல்லு."

"அய்ய, அது எதுக்கு?"

"அந்த செவப்பு மருந்து சாப்ட்டா அப்படித்தான் போவுமாம். மருந்து உள்ள போச்சின்னு அதான் சாட்சி. சொல்லுன்னா சொல்லு."

மூர்த்தி கேட்டார். தனம் சொன்னாள். ஆடி மாத வெயிலில் கம்பளிக்குள் வேர்த்து வழிந்தவளைப் பார்த்து, "பரவாயில்லையே, நல்லா சதை வச்சிருக்குதே" என்று மூர்த்தி சந்தோஷப்பட்டார். ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்து அதில் சளி எடுத்துத் தரச் சொன்னார். தனம் திரும்பிப் படுத்து எச்சிலைத் துப்பிக் கொடுத்தாள். டப்பாவின் மேல் தனம் என்று எழுதி ஒட்டிப் பையில் வைத்துக்கொண்டு, மோர் குடித்தபடி மூர்த்தி கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தார். பயிரைப் பற்றிக் கேட்டார்.

"மல்லாட்டைக்கு மருந்து அடிக்கிறீங்கல்ல? தண்ணி ஜாஸ்தி கலந்து அடிச்சா இன்னா ஆவும்?"

"பூச்சி சாவாதுங்க."

"கொஞ்சம் சாவும். நோஞ்சான் எல்லாம் செத்துடும். முரடு நிக்கும் பாருங்க, அதான் அப்புறம் முட்டை வுடும். அடுத்த வருசம் கொல்லை பூரா அந்த முரடோட வம்சம். நீங்க டின்னோட ஊத்தினாலும் அசையாது. இந்தக் கிருமியும் அதே கதைதான். ஒருநாள் சாப்ட்டு ஒருநாள் வுட்டா, நாமளே அதுக்குப் பயிற்சி குடுத்த மாதிரி. அப்புறம் இந்த மருந்து கேக்காது. அவங்ககிட்டேர்ந்து யாருக்கு ஒட்டுதோ அவங்களுக்கும் கேக்காது."

அப்பாதுரைக்கு அது நன்றாகப் புரிந்தது. முந்தின வருஷம் கம்பளிப்பூச்சிக்கு ஒரு டின் மருந்தை இரண்டு ஏக்கருக்கு இழுத்துவிட்டு, இந்த வருஷம் அனுபவித்துக்கொண்டிருந்தான்.

"வீட்டுல சின்னப் பசங்க இருக்காங்களா?" என்று கிளம்பும்போது கேட்டார் மூர்த்தி. "கூட படுக்கிற பசங்கதான் மூச்சுல வாங்கிக்கும். இருந்தா இப்பவே பாத்துடணும்."

"எங்களுக்குக் கொழந்தைங்க இல்லீங்க" என்றாள் தனம் கம்பளிக்குள்ளிருந்து. அன்றைக்கு அந்த வீட்டில் பேசப்பட்ட ஒரே உண்மை அது.

பத்து நாளில் முடிவு வந்தது. தனத்தின் சளியில் கிருமி இல்லை. ஐப்பசியில் மறுபடியும் டப்பா, மறுபடியும் எச்சில், மறுபடியும் கிருமி இல்லை. அந்த இரண்டு முறையும் ஆதிலட்சுமி முன்னைவிட இன்னும் இளைத்திருந்தாள்.

கோபப்படுகிறவனுக்குத் தன் முதுகு தெரிவதில்லை. தங்கையின் காலடியில் நின்றுகொண்டு அப்பாதுரை இன்னும் மருந்தைத்தான் திட்டிக்கொண்டிருந்தான். அப்போது தனம் பின்கட்டிலிருந்து வந்து அவன் முழங்கையைத் தொட்டாள்.

"இன்னாங்க, கொஞ்சம் வாங்க."

"இப்ப இன்னா?"

"வாங்கன்னா."

கிணற்றடியில் துவைக்கிற கல்மேல் வள்ளி உட்கார்ந்திருந்தாள். ஆதிலட்சுமியின் ஒரே பெண், ஏழு வயது. தலை வாரவில்லை. காலையிலிருந்து அவளை யாரும் ஒரு வாய் சாப்பிடு என்று கூப்பிட்டதாகத் தெரியவில்லை. தனம் அவள் காதில் விழாத தூரத்தில் நின்றாள்.

"புள்ளைய இப்பத்தான் பாத்ரூம் கூட்டிக்கினு போனேன். செவப்பா போவுதுங்க."

"ரத்தமா?"

"ரத்தம் இல்ல." தனம் அவன் முகத்தைப் பார்த்தாள். "நீங்க என்னை சொல்லச் சொன்னீங்களே, அந்த செவப்பு."

அப்பாதுரைக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியதும் போய் வள்ளியின் முன்னால் குந்தினான்.

"வள்ளி, நீ மருந்து எதுனா சாப்புடறியாம்மா?"

"சொல்லக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க."

"யாருகிட்ட சொல்லக் கூடாதாம்?"

"அப்பாகிட்ட. உங்ககிட்டயும்."

"எங்கிட்ட ஏம்மா?"

"தெரிஞ்சா நீங்க மருந்து வாங்கியாற மாட்டீங்களாம்."

அவனுக்கு மறுபடியும் கோபம் வந்தது. ஆனால் அது யார் மேல் என்று இப்போது அவனுக்கு அவ்வளவு தெளிவாக இல்லை.

"எப்பலேர்ந்து சாப்புடற?"

"பள்ளிக்கூடம் தொறந்ததும் எனக்கும் இருமல் வந்துச்சி. சாயங்காலமானா காச்சல் அடிக்கும். அம்மா அப்பாகிட்ட சொன்னாங்க. அப்பா ஆஸ்பத்திரிலாம் வேணாம்னாரு. அப்புறம் அம்மாதான் அவங்க மருந்த குடுத்தாங்க. ஒருநாள் அம்மாவுக்கு, ஒருநாள் எனக்கு."

"பொட்டலத்துல ஒரு ஆளுக்குத்தானே இருக்கும்?"

"அதான் மாமா சொல்றேன். ஒருநாள் வுட்டு ஒருநாள்." பெரியவர்களுக்கு எதையும் இரண்டு தரம் சொல்ல வேண்டியிருக்கிறதே என்ற சலிப்பு அவள் குரலில் இருந்தது. "நாலு நாளா எனக்கேதான். அம்மா மொறையையும் என்னையே போட்டுக்கச் சொன்னாங்க. இன்னிக்கி அம்மா எழுந்திருக்கல. நானே எடுத்துப் போட்டுக்கினேன்."

ஸ்டோர் ரூமுக்குப் போய்த் தன் பள்ளிக்கூடப் பையிலிருந்து ஒரு பழைய பவுடர் டப்பாவை எடுத்துவந்து அவனிடம் கொடுத்தாள். உள்ளே மூன்று சிவப்பு கேப்ஸ்யூல்கள் இருந்தன.

ஆனி மாதத்தில் ஒருநாள் ஆதிலட்சுமி கேட்டாள், "அண்ணா, இந்த மருந்து இன்னொரு பொட்டலம் கெடைக்குமா?" என்று. "அளந்துதான் குடுக்கறாங்க. உனக்கெதுக்கு இன்னொண்ணு?" என்றான் அவன். "சும்மா கேட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறார்கள், பெற்றவளிடம் யார் போய்ச் சொல்வது? கையில் ஒரு தோசை இருந்தால் பிய்த்துப் பாதி கொடுக்கிற மாதிரி, தன் உயிரைப் பிய்த்துப் பாதி கொடுத்திருக்கிறாள். பாதி மருந்து இரண்டு பேருக்குமே விஷம் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? சொல்ல வந்த ஆளுக்குக் கீழ்பென்னாத்தூரில் மோர் கொடுத்து அனுப்பியாயிற்று. டப்பாவில் அவள் சளி போயிருந்தால் ஆடியிலேயே தெரிந்திருக்கும், கிருமி சாகவில்லை என்று. ஏன் என்று கேட்டிருப்பார்கள். வீட்டைத் தேடி வந்திருப்பார்கள். வள்ளி அங்கேதான் இருந்திருப்பாள்.

அவன் நேராகக் கடைக்குள் போனான். சகாதேவன் பாடை கட்டுகிறவனுக்குக் கயிறு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். நான்கு நாளாகத் தூங்காத கண்கள். கடைசி நாட்களில் ஆதிலட்சுமியைத் தூக்கி உட்கார வைத்தது, துடைத்துவிட்டது எல்லாம் அவன்தான். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"வள்ளிக்கு இருமல்னு ஆதி உங்கிட்ட சொன்னாளா, மாப்ளே?"

"இப்பவா மச்சான் கேக்கறது?"

"சொன்னாளா இல்லியா?"

"சொன்னா." சகாதேவன் கயிற்றைப் பார்த்துக்கொண்டே பேசினான். "சளியாத்தான் இருக்கணும்னு நெனச்சிக்கினேன். பொட்டப் புள்ள மச்சான். ஒருதடவை பேரு ஏறிப்போச்சின்னா நாளைக்கு யாரு வந்து பொண்ணு கேப்பான்?"

"புள்ள இருந்தாத்தானேடா பொண்ணு கேக்கறதுக்கு?"

தங்கையின் புருஷனை அவன் டா போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. தலைமாட்டில் அழுகை ஒரு நொடி நின்றது. சகாதேவன் மெதுவாக நிமிர்ந்தான்.

"நீ எம்மேல பாயாத. கதவ சாத்தினது நானு. ஒத்துக்கறேன். பேர மாத்தினது யாரு? வெலாசத்த மாத்தினது யாரு? அந்த ஆளு இந்த வாசப்படிக்கு வந்திருந்தா நான் சண்டை போட்டிருப்பேன், தொரத்தியிருப்பேன். ஆனா புள்ளைய ஒருதடவை கண்ணால பாத்திருப்பான் இல்ல?"

அப்பாதுரையின் கையிலிருந்த பவுடர் டப்பாவில் கேப்ஸ்யூல்கள் உருண்டன.

"இன்னிக்கே கூட்டிக்கினு போவணும்" என்றான் கடைசியில். "பன்னெண்டு மணிக்கு ஆஸ்பத்திரில அந்த மருந்து ரூம பூட்டிடுவாங்க. தீபம் முடியற வரைக்கும் அங்க இருக்கறவங்க எல்லாரையும் கூட்டத்துக்கு காலரா ஊசி போட அனுப்பிடுவாங்களாம். போன மாசமே மூர்த்தி சொன்னாரு. மூணு மாத்திரதான் இருக்குது."

"தீபம் முடியட்டும் மச்சான். காரியம் முடியட்டும். ஊரே கூடியிருக்குது."

"கிருமிக்கு தீபம் தெரியுமா, காரியம் தெரியுமா?"

சக்கரவர்த்தி வாசலிலிருந்து கைக்கடிகாரத்தைக் காட்டினார். எல்லாரும் எழுந்தார்கள்.

வாய்க்கரிசி போட்டு, மேளம் இல்லாமல், சங்கு இல்லாமல், பத்து அடிப்பதற்கு முன் ஆதிலட்சுமியைத் தூக்கினார்கள். முன்பக்கம் இடது தோள் அப்பாதுரையுடையது. பச்சை மூங்கில் தோளில் உறுத்தியது, பாரம்தான் இல்லை. பெண்கள் தெருமுனைவரை பின்னால் வந்தார்கள். எதிரே பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாயன்மார்களைத் தூக்குவதற்காகத் துண்டு கட்டிக்கொண்டு கூட்டமாகப் போனார்கள். அவர்களுடைய வாத்தியார் பிணத்தைப் பார்த்து அவர்களை ஓரமாக ஒதுக்கினார்.

தெருமுனையில் இடதுபக்கம் திரும்பினால் சுடுகாடு. வலதுபக்கம் ஆஸ்பத்திரி. பெண்கள் நின்றுவிட்டார்கள். அந்தக் கூட்டத்தில் தனம் வள்ளியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கொஞ்சம் தோள் மாத்துங்க" என்றான் அப்பாதுரை பக்கத்தில் வந்தவனிடம்.

மாற்றிக்கொண்டு அவன் விலகியதும் சக்கரவர்த்தி பார்த்துவிட்டார். "எங்க துரை போற? பொறந்தவன் நீ. கொள்ளி வைக்கிற வரைக்கும் இருக்க வேணாமா?"

"ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

"இப்ப எதுக்கு?"

"வள்ளிக்கு டி.பி."

அந்த வார்த்தை மாட வீதியின் முனையில் பட்டப்பகலில் வந்து விழுந்தது. பாடை நின்றது. ஒரு பெண் முந்தானையை மூக்குக்கு இழுத்துக்கொண்டாள். நெருப்புச் சட்டியோடு முன்னால் போய்க்கொண்டிருந்த சகாதேவன் திரும்பவில்லை. தோள்கள் மட்டும் இறங்கின.

"ஆதிக்கும் அதான்" என்றான் அப்பாதுரை. "டைபாய்டு இல்ல, காமாலை இல்ல. நாங்க பொய் சொன்னோம்."

சேர்த்துக் கட்டியிருந்த தங்கையின் கால் பெருவிரல்களை ஒருமுறை தொட்டான். பிறகு தனத்திடம் போய், வள்ளியின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு வலதுபக்கம் நடந்தான். யாரும் கூப்பிடவில்லை.

எதிர்க்கூட்டத்தில் இடித்துக்கொண்டு போய்ச் சேரப் பதினொன்றரை ஆகிவிட்டது. மூர்த்தி அலமாரியைப் பூட்டிக்கொண்டிருந்தார். சுவரோரம் கடைசிப் பொட்டலத்துக்காக நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். தனத்தைப் பார்த்ததும் மூர்த்தியின் முகம் மலர்ந்தது.

"அடடே, தனம்மாவே வந்துட்டாங்களே." உட்கார்ந்திருந்தவர்களிடம் திரும்பினார். "இந்தம்மாவப் பாருங்க. வைகாசியில வந்தப்ப எலும்பும் தோலும். ஒருநாள் தவறாம சாப்ட்டாங்க. இப்ப எப்படி இருக்காங்க பாருங்க. மருந்து சரியில்லன்னு சொல்றீங்களே, இவங்கள கேளுங்க."

தனம் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு அழுதாள். காலையிலிருந்து அவள் அழுதது அப்போதுதான்.

"இவ இல்லீங்க" என்றான் அப்பாதுரை.

"எது இவ இல்ல?"

"வைகாசியில வந்தது என் தங்கச்சி. மருந்து அவளுக்குத்தான் வாங்கினு போனேன். நீங்க வீட்டுல பாத்தது இவள. டப்பாவுல குடுத்தது இவ எச்சில்." அவன் நிறுத்தாமல் சொன்னான், நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று இருந்தது. "தங்கச்சி இன்னிக்கிக் காலையில பூட்டா. இப்பத்தான் எடுத்துக்கினு போறாங்க. இது அவ பொண்ணு. அஞ்சு மாசமா ரெண்டு பேரும் அந்த ஒரு பொட்டலத்த பங்கு போட்டு சாப்ட்டுக்கினு இருந்திருக்காங்க. ஒருநாள் வுட்டு ஒருநாள்."

மூர்த்தி நாற்காலியில் உட்கார்ந்தார். அவனைப் பார்த்த பார்வையில் ஓர் அறை இருந்தது. அறைந்திருந்தால் அப்பாதுரைக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"மல்லாட்டக் கொல்லைய வச்சி உங்களுக்கு அவ்ளோ சொன்னேனே" என்றார்.

"சொன்னீங்க."

"இந்தக் கொழந்த நெஞ்சில இருக்கறது இப்ப எந்த வம்சமோ. இந்த மருந்து கேக்குமோ, கேக்காதோ. மெட்ராஸுக்கு அனுப்பிப் பாத்தாத்தான் தெரியும். என்னால ஒண்ணும் சொல்ல முடியாது."

"பாருங்க. இன்னிக்கே பாருங்க."

மூர்த்தி அலமாரியைத் திறந்து நீளமான ரிஜிஸ்டரை எடுத்தார். ஒரு பக்கத்தில் நின்றார். தனம் என்ற பெயருக்கு நேரே கடைசிக் கட்டத்தில் சிவப்பு மையில் ஒரு டிக் இருந்தது. ஸ்கேலை வைத்து அந்த வரியை அடித்தார். அடுத்த வரியில் பேனாவை வைத்தார்.

"பேரு?"

"ஆதிலட்சுமி. வயசு இருபத்தெட்டு. வீட்டுக்காரர் பேரு சகாதேவன். சகாதேவன் மெஸ், வடக்கு மாட வீதி."

சுவரோரம் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். அந்த மெஸ்ஸில் சாப்பிட்டிருக்கக்கூடியவர்தான். அப்பாதுரை அவர் பக்கம் திரும்பி, விலாசத்தை இன்னொரு தடவை சொன்னான்.

மூர்த்தி எழுதி முடித்தார். கடைசிக் கட்டத்தில் எழுதியதை அப்பாதுரை தலைகீழாகப் பார்த்தான், படிக்கவில்லை. மூர்த்தி ஒரு புது டப்பாவை எடுத்து, சின்னத் துண்டுத்தாளில் வள்ளி என்று எழுதி ஒட்டினார்.

"எச்சில் வேணாம்மா" என்றார், டப்பாவை அவளிடம் நீட்டி. "நல்லா மூச்ச இழு. உள்ளேர்ந்து வரணும்."

தனம் தலையைக் குனிந்துகொண்டாள். வள்ளி டப்பாவை இரண்டு கையாலும் வாங்கினாள். ஜன்னல் பக்கம் போனாள். கம்பிக்கு வெளியே எங்கேயோ மேளம் கிட்டத்தில் வந்துகொண்டிருந்தது.

"நீங்க தள்ளி நில்லுங்க மாமா" என்றாள். "கிட்ட நிக்கக் கூடாதுன்னு அம்மா சொல்வாங்க."

அவன் நகரவில்லை. அவள் தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு இருமினாள். மூடி அவன் கையில் இருந்தது. அவள் முடிக்கிற வரைக்கும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றான்.